மகாராணிக்குத் தண்ணி காட்டணும்

“மகாராணிக்குத் தண்ணி காட்டணும் மாமா,” என்று சொல்லிக்கொண்டே மருமகள் லாரியை ஓரங்கட்டினாள்.

பக்கத்து சீட்டில் இருந்த மாமனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இப்பத்தானே காட்டின? இப்படி மரத்துக்கு மரம் நின்னுட்டுப் போனா, போட்டி முடிஞ்சு மைதானத்தைக் கூட்டறவன்தான் இருப்பான்.”

“வெயில் மண்டையைப் பொளக்குது. பின்னாடி தகரப் பெட்டிக்குள்ள நிக்கிறது நீங்க இல்லையே.”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கேனைச் சாய்த்து வாளியை நிரப்பி, கொஞ்சம் உப்பைக் கலக்கி, பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக உள்ளே ஏறினாள். மாமனார் ஏசி காற்றை விட்டு அசையவில்லை.

வயிறு ஒட்டிய குதிரைதான் நடுவர் கண்ணுக்கு அழகு என்பது அவர் கட்சி. அதனால் குதிரை அழகுப் போட்டிக்கு முந்தின நாளே தண்ணீரைக் குறைத்துவிடுவார். போன கோடையில் மகாராணியின் தாய் இதே லாரியில், இதே சாலையில் வயிற்றுவலி கண்டு சரிந்து விழுந்து செத்தது. அதற்கும் அவர் வெயிலைத்தான் திட்டினார்.

இன்று காலையில் மருமகள் மகாராணியின் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். சட்டென்று படிய வேண்டிய தோல் மடிந்தபடியே நின்றது. “உடம்புல தண்ணியே இல்ல மாமா. இவ இன்னைக்கு வரக்கூடாது. நான் வண்டி ஓட்ட மாட்டேன்,” என்று சாவியை மேசையில் வைத்தாள்.

“நீ இல்லேன்னா ஊர்ல வேற டிரைவரே இல்லையா? உன் சட்டத்தை உன் புருஷன்கிட்ட வச்சுக்க,” என்று அவர் போனை எடுத்தார்.

அவள் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “நானே ஏத்தி, நானே ஓட்டறேன். ஆனா தண்ணி காட்ட நான் நினைச்ச இடத்துல வண்டி நிக்கும்.”

வழிக்கு வந்துவிட்டாள் என்ற திருப்தியில் மாமனார் குளிக்கப் போனார். அவர் குளித்து முடித்து வருவதற்குள் லாரியின் பின்கதவு பூட்டித் தயாராக இருந்தது.

இப்போது அவள் வாளியோடு திரும்பி வந்து லாரியைக் கிளப்பினாள்.

“குடிச்சாளா?”

“குடிச்சாச்சு.”

“எல்லாம் நீ குடுக்கிற செல்லம். புல்லு வண்டி இழுக்குற குதிரை, நம்ம சோம்பேறி, அதைப் பாரு. குட்டைத் தண்ணியா இருந்தாலும் ஒரே உறிஞ்சு. இவளுக்கு மட்டும் வீட்டுக் கிணத்துத் தண்ணி இல்லேன்னா தொண்டையில இறங்காதாம்.”

“வேத்துத் தண்ணின்னா மகாராணி மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவா. அது அவ சுபாவம். பிடிக்காதது எனக்குந்தான் தொண்டையில இறங்காது மாமா.”

கொழுப்பைப் பார் என்று முணுமுணுத்தபடி மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதி வழியில் கேன் காலியாகிவிட்டது. அவள் பெட்ரோல் பங்க்கில் லாரியை நிறுத்தி, அங்கிருந்த குழாயில் வாளியைப் பிடித்தாள். குளோரின் மருந்து வாடை லாரி ஜன்னல் வரை அடித்தது.

“இதை அவ மோந்துகூடப் பாக்க மாட்டா. வீண் வேலை,” என்றார் மாமனார் சந்தோஷமாக.

உள்ளே போன வாளி காலியாக வெளியே வந்தது. “இன்னொரு வாளி கேக்குது,” என்று அவள் மறுபடியும் குழாயைத் திறந்தாள்.

“பாத்தியா? தாகம் எடுத்தா மகாராணியும் குழாய்த் தண்ணி குடிப்பா. இத்தனை நாளா நடிச்சிருக்கா.” மாமனாருக்கு வாயெல்லாம் பல். அடுத்த நிமிஷமே வயிற்றின் ஞாபகம் வந்தது. “போதும், போதும். வயிறு பானையாயிடப் போகுது.”

அவள் இரண்டாவது வாளியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மைதானத்து வாசலில் கூட்டம் நெரிந்தது. மாமனார் தலையைச் சீவி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். நாலு பேர் பார்க்கட்டும் என்று தானே போய்ப் பின்கதவைத் திறந்து, சரிவுப் பலகையை இறக்கினார்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க. மகாராணி வர்றா.”

தட்டுத் தடுமாறிப் பலகையில் இறங்கி வந்தது சோம்பேறி. மோவாயில் தண்ணீர் சொட்டியது, வயிறு பானையாக இருந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மாமனார் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். “மகாராணி எங்க?”

“வீட்டுல, கிணத்தடியில. உங்க பையனும் டாக்டரும் பக்கத்துல இருக்காங்க. அவ அம்மாவை வாரிக் குடுத்த ரோட்டுல இவளையும் வாரிக் குடுக்க என்னால முடியாது. திட்டறதுன்னா இங்கயே திட்டிக்கங்க.”

“அப்ப வழியெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி யாருக்கும்மா தண்ணி காட்டின?”

அவள் சோம்பேறியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

“உங்களுக்குத்தான் மாமா.”