முகவரி சரிதான்

"முந்நூறுன்னு ஒரு எண் வரவே வராதேய்யா! எந்த மகராசன் அடிச்சு வெச்சது இதை?"

கணினி அறையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து திரையைத் திட்டிக்கொண்டிருந்தார் நெட்வொர்க்காரர்.

அந்த ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு ஒரு மானிட்டர், மானிட்டருக்கு ஒரு நெட்வொர்க் முகவரி. நான்கு எண், நடுவில் மூன்று புள்ளி. எந்த எண்ணும் இருநூற்று ஐம்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. கொஞ்சம் பிசகினாலும் அந்தக் கட்டிலின் நாடித்துடிப்பு நர்ஸ் மேசைத் திரைக்கு வந்து சேராது. அதைச் சரிபார்க்கத்தான், ஒவ்வொரு மானிட்டரையும் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் குட்டி நிரலாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருந்தார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "லீவு போட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"

"சும்மா உட்கார்ந்தா பைத்தியம் புடிச்சிடும் சார்."

மேனேஜர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

ஃபோன் அடித்தது. மூன்றாம் மாடி சிஸ்டர்.

"அண்ணே, ஒரு தடவை மேல வந்துட்டுப் போங்களேன்."

"இதோ, கையில இருக்கறத முடிச்சிட்டு வந்துடறேம்மா."

காலையிலிருந்து இதே பாட்டுதான். மாடிப்படியை நினைத்தாலே அவருக்குக் கால் கனத்தது. விரல் கீபோர்டில் ஓடும்வரை மனசு வேறெங்கும் ஓடாது.

ஒருவழியாக ஸ்கிரிப்டை ஓட்டினார். ஒவ்வொரு கட்டிலாக வந்தது: முகவரி சரி, பதில் உண்டு. முகவரி சரி, பதில் உண்டு.

எட்டாம் கட்டிலில் நின்றது. முகவரி சரி. பதில் இல்லை.

எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. மறுபடி ஓட்டினார். அதே வரி. ஸ்கிரிப்டில்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினார். பிறகு மூன்றாம் மாடிக்கு ஃபோன் போட்டார்.

"சிஸ்டர்... எட்டாம் நம்பர் மானிட்டர் பதில் சொல்ல மாட்டேங்குதும்மா. வயர் லூசா இருக்கும், கொஞ்சம் அழுத்தி விடுங்க. இல்லேன்னா பிளக்கைப் பாருங்க. புது மெஷின்தான், அதுக்குள்ள கெட்டுப்போயிருக்காது..."



"மெஷினுக்கு ஒண்ணுமில்லண்ணே, நாங்கதான் அணைச்சோம்... அண்ணி போயிட்டாங்க."