பாக்கி நின்ற சாவு

டப்பிங்கில் அலறலையும் சாவையும் கடைசிக்குத்தான் வைப்பார்கள். முதலிலேயே கத்திவிட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும், அப்புறம் வசனம் பேச வராது. அப்படித்தான் அந்தக் கௌபாய் படத்தில் கிழட்டுக் கொள்ளைக்காரனின் சாவு மட்டும் பாக்கி நின்றது. அவனுக்குக் குரல் கொடுத்த துரைக்கண்ணு திங்கட்கிழமை இறந்துபோனார். கொள்ளைக்காரனின் இளம் கூட்டாளிக்குப் பேசுகிற ஜெபராஜ், அடக்கம் முடிந்த மறுநாளே ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டான்.

"அண்ணனோட சாவையும் நீயே குடுத்துடு ஜெபா. சும்மா முனகல்தானே, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றார் ஒலிப்பதிவாளர் மங்கை.

மைக் இன்னும் துரைக்கண்ணுவின் உயரத்திலேயே இருந்தது. ஜெபராஜ் அதை ஏற்றவில்லை. முதுகை வளைத்து நின்றுகொண்டான். திரையில் கிழவன் குண்டடிபட்டுப் பாறையில் சாய்ந்தான். தொப்பி உருண்டோடியது. கூட்டாளி அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கிழவனின் வாய் திறந்தது, பிறகு மெல்ல மூடியது. பதிவு முடிந்து சிவப்பு விளக்கு அணைந்தது.

"என்னப்பா, சத்தம் ஒண்ணுமே விழலையே?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மங்கை கேட்டார்.

"ஆஸ்பத்திரியில நான் பக்கத்துலதான் இருந்தேன் மேடம். இப்படித்தான் போனாரு."

மங்கை படத்தைப் பின்னால் ஓட்டினார். தொப்பி உருண்டு வந்து தலையில் ஏறியது. கிழவன் எழுந்து நின்றான்.

ஜெபராஜ் குனிந்தபடியே இருந்தான்.