ஒரு ரூபாய் இடிக்கிறது

வண்டிக் கம்பெனி திருமேனிக்குத் தரவேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய். போல்ட் கடைந்து கொடுத்த பட்டறையையும் மூடியாயிற்று, பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாள். கம்பெனி கம்ப்யூட்டரில் மட்டும் அவர் பெயர் உயிரோடு கிடந்தது. தொகை சரியென்று அவர் வாயால் சொன்னால்தான் பணம் வரும். அதைக் கேட்க மாதாமாதம் கம்பெனிக் கணக்குப் பிரிவிலிருந்து மேகலா போன் செய்வாள். அந்த வீட்டுக்குள் வருகிற ஒரே குரல் அதுதான்.

"அண்ணாச்சி, இந்தத் தடவையாச்சும் சரியா?"

"ஒரு ரூபா இடிக்குதே தாயி."

"அந்த ஒரு ரூபாயை நானே தந்து தொலைக்கிறேன்! சரி, இன்னைக்கு என்ன கொழம்பு?"

சிரித்துக்கொண்டே சொல்வார். அவளும் கணக்கை மறுபடி சரிபார்க்க அனுப்பிவிடுவாள்.

இந்த மாதம் போனில் வந்தது மிஷின் குரல். "தொகை சரியென்றால் ஒன்றை அழுத்தவும்."

"மேகலா இல்லையாம்மா?"

குரல் சொன்னதையே சொன்னது. திருமேனி இன்னும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு ஒன்றை அழுத்தினார்.