வீட்டுக்குள் ஒரு கம்பெனி

"கோரின், நம்ம வீட்டுக்குள்ள எவனோ புகுந்துட்டான்!"

வெண்டல் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவன் மனைவி கோரின், கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரத்தை அடுப்பிலிருந்து நிதானமாக வெளியே எடுத்தாள்.

"எங்க?"

"இதோ, கம்ப்யூட்டர்ல! நம்ம பேருல, நம்ம முகவரியில ஏற்கெனவே ஒரு கம்பெனி இருக்காம். எனக்கு நம்பர் தர மாட்டேங்குது!"

அமெரிக்க மத்திய அரசுக்குக் குண்டூசி விற்பதானாலும் கம்பெனிக்கு ஓர் அடையாள எண் வேண்டும். அவர்கள் ஊரான டுலூத்தில் அரசு அலுவலக வளாகத்தின் பனியை அகற்றும் டெண்டருக்கு இன்று மாலையோடு கெடு முடிகிறது. எண் இல்லாதவன் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற வெண்டல், சேமிப்பையெல்லாம் கொட்டிப் பனி தள்ளும் லாரி ஒன்றை முன்கூட்டியே வாங்கிவிட்டான். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதை. கோரின் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

"எவனோ நம்ம முகவரியத் திருடி நமக்கே ஆப்பு வெச்சிட்டான். டெண்டர் போச்சுன்னா லாரிய என்ன பண்றது? வாசல்ல நிறுத்திப் பூச்செடி வெக்கிறதா?" சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆமா, அந்த லாரி ஒரே தள்ளுல எத்தன அடி அகலத்துக்குப் பனி தள்ளும்?"

"இப்ப இதான் ரொம்ப முக்கியம்! ஒம்போது அடி. போதுமா?"

உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் தட்டினான். போன் ஒரே பாட்டை ஓயாமல் பாடித் தீர்த்த பிறகு, கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

"சார், உங்க முகவரியில போன மாசமே பனி அகற்றுற கம்பெனி ஒண்ணுக்கு நம்பர் குடுத்திருக்கோம். ஓனர் ஒரு லேடி."

"லேடியா? பக்கா ஏமாத்துக்காரி! போலீஸ்ல சொல்றேன் பாருங்க. இந்த வீட்டுல என்னையும் என் பொண்டாட்டியையும் தவிர வேற யாருமே..."

வெண்டல் மெதுவாகத் திரும்பினான்.

கோரின் ஒரு தட்டை எடுத்து அவனுக்கு ஹாட்டிஷைத் தாராளமாகப் போட்டாள்.

"டெண்டர் நேத்தே போட்டாச்சுய்யா. லாரிதான் இல்ல, உன்னுத வாடகைக்கு விடுவியா?"