இலை மடித்த பக்கம்

"கொழுப்பு சேந்து, இரும்புல பிடிக்கிற மாதிரி ஒடம்புக்குள்ள பிடிச்சிருந்த துரு பாதிக்கு மேல கொறஞ்சிருக்கும்மா" என்று டாக்டர் அன்று காலைதான் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சொன்னார். இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கி எட்டு மாதம் ஆகிறது. தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வடிவு நேராகக் கல்யாணப் பந்திக்கு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து இலையில் அத்தை. இருபது வருஷமாக வடிவு தின்கிற இட்லியையெல்லாம் நாலு பேர் முன்னால் வாய்விட்டு எண்ணியவள்.

நாலு வாய்க்குமேல் வடிவுக்கு இறங்கவில்லை. சோறும் அவியலும் அப்படியே கிடந்தன.

"அன்னைக்கு வாயக் கட்டுன்னேன், கேக்கல. இப்பம் வயித்த அறுத்துட்டு வந்து சோத்த வீணாக்குதா பாருங்க. ஏட்டி, இதெல்லாம் ஒரு மெலிவா?" என்றாள் அத்தை, வரிசை முழுக்கக் கேட்கும்படி. சிரித்தார்கள்.

டாக்டரின் பரிசோதனையில் அகப்படாத அந்த இருபது வருஷத் துரு வடிவுக்குள் அப்படியே இருந்தது. இலையின் தன் பக்கத்து ஓரத்தைத் தூக்கி, எதிர்ப்பக்கமாக மடித்தாள்.

"ஏட்டி, துஷ்டி வீட்டுலல்லா அப்படி மடிப்பாவ." கல்யாணப் பந்தியில் சாவு வீட்டைச் சொல்ல அத்தையின் குரல் இறங்கியிருந்தது.

"தெரியும் அத்தை" என்ற வடிவு, மடிப்பின்மேல் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்திவிட்டு எழுந்தாள்.