ஊருக்கு வந்த புது ஆள்

“உண்மையைச் சொல்லுங்கக்கா. நான் அங்க இருக்கேனா?”

கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் வழிமறித்துவிட்டாள், பின்னணிப் படங்கள் வரைகிற பெண். அவள் கையிலிருந்த காபி கோப்பைக்குள் நிற்காமல் தளும்பியது.

“இன்னும் சீட்லயே உக்காரலையேம்மா. பார்த்துட்டுச் சொல்றேன்” என்றாள் டெஸ்டர்.

வீடியோ கேம் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு வேலை, பாதி முடிந்திருந்த கேமைத் தினமும் காலையில் ஆடிப் பார்த்துப் பிழை பிடிப்பது. முன்பெல்லாம் அவளை ஒருவரும் சீண்ட மாட்டார்கள். இப்போது அவள் வரும் வழியில் ஆட்கள் காத்து நின்றார்கள்.

காரணம், கேமில் வரும் அந்த ஊர். ஊரென்றால் ஜனங்கள் வேண்டுமே என்று ஊழியர்கள் எல்லோருடைய முகத்தையும் படமெடுத்து உள்ளே ஏற்றியிருந்தார்கள். தினமும் விடிகாலையில் கேமே தன் இஷ்டத்துக்கு அதிலிருந்து ஒரு முகத்தைப் பொறுக்கி, ஓர் உடம்பில் ஒட்டி, கிணற்றடியில் கொண்டுவந்து நிறுத்தும். எந்த முகம் வரும் என்பது அந்த புரோகிராமை எழுதியவருக்கே தெரியாது.

ஆட்குறைப்பு தொடங்கிய அன்று கிணற்றடியில் நின்றவர் இசையமைப்பாளர். மதியம் மேலாளர் அவரைத்தான் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். மறுநாள் நின்றது கதை எழுதும் அம்மா. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை, அவர் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போய்விட்டார். அதற்கடுத்த நாள் வாசல் காவலர். முதலில் தற்செயல் என்று சிரித்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

“அதுக்கு எப்படியோ தெரியுதுக்கா. மோப்பம் பிடிக்குது” என்று இந்தப் பெண் நேற்றுக்கூடக் கிசுகிசுத்தாள்.

டெஸ்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேமைத் திறந்தாள். ஊரில் மூடுபனி. கிணற்றடியில் ஓர் உருவம் முதுகைக் காட்டி நின்றது. அவள் நெருங்கியதும் மெதுவாகத் திரும்பியது.

அவள் கணவன்.

“வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்” என்றது உருவம். ஊர்க்காரர்கள் எல்லோரும் சொல்லும் பொதுவான வசனம்தான். குரலும் யாருடையதோ.

நிஜக் கணவன் இரண்டு வரிசை தள்ளி, நாக்கின் நுனியைக் கடித்தபடி ஒரு குதிரையை ஓட வைத்துக்கொண்டிருந்தான். கேமில் நடப்பது, பறப்பது எல்லாமே அவன் கைவண்ணம். முந்தைய கம்பெனியில் வேலை போனபோது மாதக்கணக்கில் சன்னலையே வெறித்துக்கொண்டு கிடந்தவன். சாப்பிட வா என்றால் வருவான், போய்ப் படு என்றால் படுப்பான், ஒரு வார்த்தை பேச மாட்டான். இந்த வேலை கிடைத்த பிறகுதான் அவனுக்கு வாயும் சிரிப்பும் திரும்பி வந்தன.

யார் கண்ணிலும் படக்கூடாதென்று உருவத்தைக் கிணற்றுக்குப் பின்னால் தள்ளினாள். அது நடந்து வந்து பழைய இடத்திலேயே நின்றது. மறுபடி தள்ளினாள். மறுபடி வந்தது. கேமில் தன் கையிலிருந்த வாளை ஓங்கினாள். அந்த முகம் அவளையே பார்த்துச் சிரித்தது. வாளை இறக்கி, திரையை அணைத்துவிட்டாள்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?” கணவன் நாற்காலியோடு உருண்டு வந்தான். “இன்னிக்கு யாராம்?”

“இன்னும் லோடே ஆகலீங்க.”

“நானா இருந்தா முதல்ல எங்கிட்டச் சொல்லிடு. டைரக்டா கிணத்துல குதிச்சுடறேன்” என்று சிரித்துவிட்டு உருண்டு போனான்.

கண்ணாடி அறையில் விளக்கு எரிந்தது. மேலாளர் வந்துவிட்டார். மதியம் வரை பொறுத்தால் எல்லாம் கைமீறிவிடும். அவள் எழுந்து ஓடாத குறையாகப் போய்க் கதவைத் தட்டினாள்.

“சார், இன்னிக்கு நீங்க அனுப்பப் போற ஆளை விட்டுடுங்க. பதிலுக்கு என்னை அனுப்பிடுங்க. ஒரு வார்த்தை பேசாம போயிடறேன்.”

தோளிலிருந்து பையை இறக்கிக்கொண்டிருந்த மேலாளர் அப்படியே நின்றார். “எந்த ஆளை?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க சார். இந்நேரம் முடிவு பண்ணியிருப்பீங்க. மேலிடத்துலேர்ந்து பேர் வந்திருக்குமே.”

அவர் போய்க் கதவைச் சாத்தினார். கிட்டத்தில் பார்த்தபோது அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

“பேரா? அவங்க பேர் கொடுத்திருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேனே! தினம் ஒரு ஆளைக் குறைன்னாங்க. யாருன்னு சொல்லல. இங்க யாரைம்மா நான் கை காட்டுறது? எல்லாருக்கும் குடும்பம், எல்லாரும் உயிரைக் கொடுத்து உழைக்கிறவங்க. என்னால முடியல. அந்தப் பாவம் என் தலையில விழ வேண்டாம்னு…” குரல் தேய்ந்தது. “தினம் காலையில உங்க கேமைத் திறந்து பார்க்கிறேன். கிணத்தடியில யாரு நிக்கறாங்களோ, மதியம் அவங்களைக் கூப்பிட்டுடறேன்.”

அவள் திரும்பிக் கண்ணாடி வழியே கணவன் இருந்த பக்கம் பார்த்தாள்.

மேலாளர் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு, களைத்துப் போய் நாற்காலியில் சாய்ந்தார்.

“இன்னிக்கு வழியெல்லாம் நெரிசல், இன்னும் நான் பார்க்கவே இல்ல. இது திறக்கறதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்களேன், அங்க நிக்கறது யாரு?”