எழுவாயும் பயனிலையும்

என் மகள் புற்றுநோய்க் கட்டிகளின் சதையை நுண்நோக்கியில் ஆராய்பவள். இருபதாண்டு ஆராய்ச்சியில் பெற்றவனை மறந்துவிட்டாள் என்பது என் தீராத கோபம். அன்று, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

"வாங்க டாக்டரம்மா! வீட்டுக்கு வழி ஞாபகம் இருக்கா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு பொண்ணோட ஸ்லைடு பாத்தேம்ப்பா. மார்புல கட்டி. மூணு டெஸ்ட்டும் நெகட்டிவ்."

"நெகட்டிவ்னா நல்லதுதானே?"

"இதுல இல்லப்பா. வழக்கமான மருந்துக்கு அது கேக்காது. கேக்கிற மருந்தைத்தான் இத்தனை வருஷமாத் தேடறேன். இன்னும் கிடைக்கல."

"அடப்பாவமே! முன்னாடியே வந்து காட்டியிருக்கக் கூடாதா அந்தப் பொண்ணு?"

"அவ எங்கேப்பா... கையில தட்டுப்பட்டும், இந்த ஆராய்ச்சி முடியட்டும்னு தள்ளிப் போட்டுட்டேன்."

தமிழ் வாத்தியாராக இருந்த என் நாக்கு சும்மா இருக்குமா? "'அவள்' என்று தொடங்கினால் 'தள்ளிப் போட்டாள்' என்றுதான் முடிக்க வேண்டும். இவ்வளவு படித்தும் எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தம் தெரியவில்லையே!" என்று சீறினேன்.

அவள் திருத்திக்கொள்ளவில்லை. சின்ன வயதில் செய்ததுபோல் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

பயனிலை சரியாகத்தான் இருந்தது. பிழை எழுவாயில் இருந்தது.